மண் வளர்த்த வீடு

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடத்தின் பெரும்பகுதி, எங்கள் வீட்டு முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறைய செம்மண் இருந்தது. மீன் வளர்க்கிற தொட்டிதான், ஆனால் மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் டிவியைப் பார்ப்பார்கள், பிறகு தொட்டியை, பிறகு எங்களை. சிலர் துக்கம் விசாரிக்கிற குரலில் "மீன் செத்துப்போச்சா?" என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும்தான் நேராகக் கேட்டாள்.

"இன்னாம்மா, உங்க வூட்ல மண்ணு வளக்கறீங்களாமே, நெசமா?"

அந்த மண்ணுக்குள் ஒருத்தி குடியிருந்தாள் என்று சொன்னால் அக்கா இன்னும் பயந்துவிடுவாள் என்று, "ஆமாங்க்கா, அண்ணன்தான் ஆசப்பட்டுச்சு" என்று சொல்லி வைத்தேன்.

அண்ணன் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தது அந்த வருடத் தொடக்கத்தில். சுனாமிச் செய்தியை அங்கே டிவியில் பார்த்துவிட்டு, வீட்டுக்கு போன் போட்டுப் போட்டு லைன் கிடைக்காமல், முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிட்டான். எங்கள் கடலோரக் குப்பங்களில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீடு மரக்காணம் பஜார் பக்கம், கடலிலிருந்து தள்ளி இருந்தது. தண்ணீர் எங்களைத் தொடவில்லை. அண்ணன் சூட்கேஸோடு அழுதுகொண்டே உள்ளே நுழைந்தபோது நாங்கள் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உயிரோடு இருந்ததற்காக அன்றைக்கு அவனிடம் நாங்கள் எல்லோரும் திட்டு வாங்கினோம்.

திரும்பிப் போக வேலை இல்லை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருடைய மளிகைக் கடையில் உட்கார்ந்தான். அத்தா சொல்கிற விலையைவிட எப்போதும் குறைத்தே விற்றான் என்பதால், அவனை வெளி வேலைகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார் அத்தா. அப்படித்தான் ஒரு நாள் ஆரோவில் பக்கம் ஒரு கேன்டீனுக்குக் கல்லுப்பு மூட்டை போட்டுவிட்டு, மொபெட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தான். இரும்பை கிராமத்தைத் தாண்டி ஒரு செம்மண் மேட்டின் ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு ஒதுங்கியிருக்கிறான். ஒதுங்கினவனின் கண்ணுக்கு நேரே அந்த மண் சுவரில் ஒரு வட்டம் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னான். "நாளைக்கு என் கூட வா. ஒண்ணு காட்டறேன். அம்மாகிட்ட சொல்லாத."

நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு, எம்.காம். தபாலில் படித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார்களால் பார்க்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். எங்கே கூப்பிட்டாலும் போகிற நிலைமை. போனேன்.

மேட்டின் முன்னால் என்னை நிறுத்தி, "பாரு" என்றான். மண் தெரிந்தது. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் மண் தெரிந்தது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு விளக்கமாற்றுக் குச்சியை எடுத்து, ஓர் இடத்தில் மெல்ல நெம்பினான். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மண் வட்டமாகத் தூக்கிக்கொண்டது. மேலே மண்ணும் பாசியும், அடியில் வெள்ளை வெளேரென்று பட்டுத் துணி ஒட்டினது போல. ஒரு பக்கம் கீல் வைத்த மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. நான் குனிவதற்குள் அந்த மூடி உள்ளே இருந்து இழுபட்டு 'டப்' என்று மூடிக்கொண்டது.

"காத்தா?" என்றேன்.

"காத்து உள்ளேருந்தா அடிக்கும்? இந்தா, நீ தூக்கிப் பாரு."

குச்சியை வாங்கி நெம்பினேன். கதவு கொஞ்சம் வந்தது, பிறகு திரும்பி இழுத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார், என்னை உள்ளே விட அவருக்கு இஷ்டமில்லை என்பது குச்சி வழியாக என் விரலுக்குத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் நான் செய்ய நினைத்து, செய்யாமல் விட்டது அதுதான்.

"டாரன்டுலா" என்றான் அண்ணன். "பெரிய சிலந்தி ஜாதி. எல்லா டாரன்டுலாவும் கதவு வெக்காது, கொஞ்சந்தான் வெக்கும். எங்க கடையில கூட இப்படி ஒண்ணு இருந்துச்சு. ஒரு பணக்காரப் பையன் ஆசையா வாங்கிட்டுப் போனான். அடுத்த வாரமே தூக்கிட்டு வந்துட்டான். பொட்டியில ஒண்ணுமே இல்ல, மண்ண வித்து ஏமாத்திட்டீங்கன்னு ஒரே சண்ட."

"எந்தக் கடையில?"

அண்ணன் மேட்டைப் பார்த்தான், மொபெட்டைப் பார்த்தான், பிறகு குச்சியைப் பார்த்தான். அவன் வளைகுடாவில் ஒரு பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதுதான் அதுவரை நாங்கள் அறிந்தது.

"சூப்பர்வைசர்தான்" என்றான். "கிளிங்களுக்கும் பாம்புங்களுக்கும்."

வளர்ப்புப் பிராணிகள் விற்கிற கடை அது. கூண்டு கழுவுவது, எலிக்குஞ்சு எண்ணிப் போடுவது, சிலந்திகளுக்குப் பாச்சை பிடித்துக் கொடுப்பது. அத்தனை வருடமும் அந்த வேலையைப் பிடித்துத்தான் செய்தானாம். ஆனால் போனில் அம்மாவிடம் 'இன்னிக்கு ஒரு சிலந்தி தோலுரிச்சுச்சும்மா' என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றான்.

கடப்பாறையும் மேல் தகட்டை வெட்டின எண்ணெய் டின்னும் அவன் ஏற்கெனவே மொபெட்டில் கொண்டுவந்திருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். சுற்றிலும் தோண்டி, வளையோடு சேர்த்து மண்ணைக் கட்டியாகப் பெயர்த்து டின்னுக்குள் இறக்கினான். வீடு வரைக்கும் அவன் மெதுவாக ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்து, பள்ளம் வரும்போதெல்லாம் "அண்ணே, பள்ளம்" என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

அம்மாவுக்கு இரண்டு செய்தியும் ஒரே சமயத்தில் சொல்லப்பட்டது. எது பெரிய அடி என்று அவளுக்கே தெரியவில்லை.

"சூப்பர்வைசர், சூப்பர்வைசர்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்கனேடா."

"இனிமேயும் அப்படியே சொல்லும்மா."

"அந்த டின்ன முதல்ல வெளிய எடுத்துட்டுப் போ. எட்டுக்கால் பூச்சிய எல்லாம் ஊட்ல வெக்கக் கூடாது."

"அடிச்சுப் போட்டுடட்டா?" என்றான் அண்ணன், ரொம்ப அப்பாவியாக.

சிலந்தியை அடிப்பது எங்கள் வீட்டில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். நபிகள் நாயகம் குகையில் மறைந்திருந்தபோது, தேடி வந்தவர்கள் உள்ளே யாரும் இல்லை என்று திரும்பிப் போகும்படி வாசலில் வலை பின்னி வைத்தது சிலந்தி. அந்த நன்றிக்காக அம்மா ஒட்டடை அடிக்கும்போதுகூட சிலந்திகளிடம் "தள்ளிக்க, தள்ளிக்க" என்று சொல்லித்தான் அடிப்பாள்.

"அடிக்கக் கூடாதுன்னுதான் இருக்குது" என்றாள் கடைசியில். "கூப்பிட்டு வெச்சி சோறு போடணும்னு எங்கடா இருக்குது?"

"போடக் கூடாதுன்னு இருக்குதா?"

அம்மா அத்தாவைப் பார்த்தாள். அத்தா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "கடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். கையை உள்ளே விட்டால் கடிக்கும் என்றான் அண்ணன். "அப்ப விடாத" என்று சொல்லிவிட்டு அத்தா கடைக்குப் போய்விட்டார். வழக்கு முடிந்தது. அண்ணன் ஒரு பழைய மீன் தொட்டியை வாங்கி வந்து, மண் கட்டியை டின்னிலிருந்து அதற்கு மாற்றினான்.

இப்படி ஒரு பிராணியை வளர்ப்பதில் உள்ள சிரமம், அதைப் பார்க்க முடியாது என்பதுதான். முதல் வாரம் அண்ணன் தன் சிநேகிதர்களை எல்லாம் அழைத்து வந்தான். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, தொட்டியின் முன்னால் உட்கார வைத்தான். அவர்கள் பேசுகிற சத்தத்துக்கும் காலை ஆட்டுகிற அதிர்வுக்கும் அவள் கதவை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் ஒரு மண் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வாசலில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒருவன் எழுந்து அண்ணன் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

"வெயில்ல ரொம்ப வேல செஞ்சிட்டியாடா அங்க?"

தீனி இன்னொரு பாடு. அவளுக்கு உயிருள்ள பூச்சி வேண்டும். எங்கள் வீட்டுக் கரப்பான்கள் கொஞ்ச நாளில் தீர்ந்துபோயின. அண்ணன் ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவின் அடுப்படிக்குப் போனான். அவள் சந்தோஷமாக அடுத்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். சாயங்காலமானால் "தம்பி, எங்க வூட்டுக்கும் வந்துட்டுப் போப்பா" என்று தெருவில் குரல் கேட்கும். அம்மா அந்தச் சமயத்தில் அவனுக்கும் பெண் தேடிக்கொண்டிருந்தாள். வெளிநாடு போய் வந்த பையன், ஊறுகாய் பாட்டிலில் கரப்பான் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறான் என்பதை எந்தப் பெண் வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவளுக்குக் கவலை.

பிறகு தண்ணீர். மண் கொஞ்சம் ஈரமாக இருக்க வேண்டும் என்று அண்ணன் தினமும் கை பம்ப் தண்ணீரைத் தெளித்து வந்தான். எங்கள் ஊர் பம்ப் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் பார்த்தால் செம்மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் உப்பளத்தில் மேஸ்திரி. அவள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாளு விட்டீங்கன்னா வாரி மூட்ட கட்டிடலாம்" என்றாள். அண்ணன் அலறியடித்துக்கொண்டு மேல் மண்ணைச் சுரண்டி எடுத்தான். அதிலிருந்து, நாங்கள் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தொட்டிக்குப் போனது. அம்மா அதற்குக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதற்குள் அம்மாவுக்கு வேறொரு விஷயம் தெரிய வந்திருந்தது.

சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னறைக்கு வருகிறவள் அம்மாதான். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம். தினமும் அந்த நேரத்தில் தொட்டிக்குள் அந்த வட்டம் ஓர் ஓரமாக, நகக்கண் அளவு தூக்கிக்கொண்டு நிற்பதையும், இடுக்கில் இரண்டு கறுப்புக் கால்களின் நுனி வெளியே எட்டிப் பார்ப்பதையும் அவள் கவனித்திருக்கிறாள். எங்களிடம் அதை ரகசியம் போலச் சொன்னாள்.

"பாங்கு சொன்னா கதவத் தொறக்குதுடா. ஒரு நாள் தப்பல."

"இருட்டுதும்மா. இருட்டினா இரை வரும்னு கதவாண்ட வந்து உக்காரும். எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

"எல்லா ஊர்லயும் பாங்கு சொல்றாங்கதானே" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அவளை யாரும் அசைக்க முடியவில்லை. தொழுதுவிட்டு வந்து, தொட்டியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்து, அன்றைக்கு மீன் என்ன விலை, அத்தா என்ன சொன்னார் என்றெல்லாம் கதவோடு பேசுவாள். முழு உருவத்தைப் பார்க்க மட்டும் அவளுக்குத் துணிவில்லை. அண்ணன் பாட்டிலோடு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இந்த நிலையில்தான் பாண்டிச்சேரியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். அவரும் அவருடைய அம்மாவும், ஒரு மாமாவும் வந்தார்கள். அம்மா காலையிலேயே தொட்டியின் மேல் பூ வேலை செய்த மேசை விரிப்பைப் போர்த்தி, அதன் மேல் பிளாஸ்டிக் ரோஜா ஜாடியையும் வைத்துவிட்டாள். அறையில் நல்ல நாற்காலி தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதில் உட்கார்ந்தார். நான் டீத் தட்டோடு கதவருகே வந்தபோது அவர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீன் தொட்டியா? மீனக் காணமே."

அம்மா பொய் சொல்ல மாட்டாள். அது எங்கள் வீட்டில் பல சங்கடங்களுக்குக் காரணம்.

"மீன் இல்லீங்க" என்றாள். "உள்ள ஒருத்தி இருக்கா."

மாப்பிள்ளையின் அம்மா விரிப்பை விட்டுவிட்டு, மெதுவாக, யாரையும் புண்படுத்தாதபடி, நாற்காலியோடு கொஞ்சம் நகர்ந்தார். நான் தட்டோடு அப்படியே நின்றேன். அண்ணன் எழுந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். சிலந்தி, வளை, கதவு, பட்டு, கீல். கீல் என்ற சொல்லைக் கேட்டதும் மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கீல் எதால செஞ்சிருக்குது?"

"அதே நூல்தாங்க. ஒரு பக்கம் மட்டும் அறுக்காம விட்டுடும்."

"இழுத்தா மூடுதா, விட்டா தானா மூடிக்குதா?"

அடுத்த கணம் அவர் தரையில் மண்டியிட்டு, வெள்ளைச் சட்டையோடு, கண்ணாடியில் மூக்கு படும்படி உட்கார்ந்திருந்தார். ரோஜா ஜாடி என் கைக்கு வந்தது, டீத் தட்டு மாமாவின் கைக்குப் போனது. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டி, "ஒரு குச்சி கெடைக்குமா?" என்றார். நான்தான் விளக்கமாற்றிலிருந்து ஒடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். யார் கொடுத்தது என்று பார்க்கவில்லை. கதவை நெம்பினார். அது திரும்பி இழுத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அவர்கள் கிளம்புகிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தார்.

மறுநாள், இடையில் நின்று சம்பந்தம் பேசிய உறவுக்காரர் போன் செய்தார். அத்தா எடுத்தார். கேட்கக் கேட்க முகம் சிவந்தது. வைத்துவிட்டுச் சொன்னார்.

"பையன் பொண்ண சரியா பாக்கலையாம். இன்னொரு தடவ வரலாமான்னு கேக்கறாங்க."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதுவரை வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் அவ்வளவு நன்றாகப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பார்க்க மறந்த முதல் ஆள் இவர்தான்.

"வரட்டும்" என்றேன்.

நோன்பு மாதம் குறுக்கே வந்ததால் அவர்கள் வருவது தள்ளிப்போனது. அந்த மாதம் எங்கள் வீட்டில் தொட்டியின் மரியாதை இன்னும் கூடியது. பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறாள், பாங்கு சொன்னதும் திறந்து சாப்பிடுகிறாள். "நம்ம கூடவே அதுவும் நோன்பு வெக்குது" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். நோன்புக் கஞ்சி வாங்க வந்த அக்கா தொட்டியைப் பார்த்து, "அதுக்கும் கஞ்சி ஊத்துவீங்களா?" என்றாள். "அதுக்கு கரப்பாந்தான்" என்றாள் அம்மா, கொஞ்சம் வருத்தத்தோடு.

பெருநாள் முடிந்த கையோடு கதவு திறப்பது நின்றுபோனது. பாங்கு சொன்னது, இருட்டியது, வட்டம் அசையவில்லை. அண்ணன் குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்த்தான். விளிம்பு முழுக்க நூலால் தைத்து ஒட்டியிருந்தது. தோலுரிக்கப் போகிறாளா, செத்துப் போகப் போகிறாளா என்று அவனுக்கே தெரியவில்லை.

"எத்திகாஃப் இருக்குது" என்றாள் அம்மா. பள்ளிவாசலில் தனியே தங்கி வணங்குவதற்கு அந்தப் பெயர்.

"அது நோன்பு மாசத்துல இருக்கறது" என்றார் அத்தா.

"விட்டதை இப்ப இருக்குதோ என்னமோ."

அப்புறம் மழை. அந்த வருட மழையை இந்தக் கடற்கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உப்பளங்கள் எல்லாம் ஒரே ஏரியாகிவிட்டன. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, ஒரு மத்தியானம் வாசல் படியைத் தாண்டி முன்னறைக்குள் வந்தது. அண்ணன் கடையில் அரிசி மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் அம்மாவும் நானும்தான். டிவி இருந்த மேசை ஒன்றுதான் உயரமானது. அம்மா ஒரு கணம் யோசித்தாள்.

"டிவிய எறக்கு" என்றாள்.

"எங்கம்மா?"

"எங்கயாவது. முதல்ல இதத் தூக்கு, நான் இந்தப் பக்கம் புடிக்கறேன்."

எட்டு மாதமாக ஒரு கை தூரம் தள்ளியே உட்கார்ந்திருந்தவள், ஈர மண் நிறைந்த அந்தத் தொட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். அத்தா முழங்கால் அளவு நனைந்து வீட்டுக்கு வந்தபோது, டிவி ஒரு பிளாஸ்டிக் முக்காலியின் மேல் கோணலாக நின்று நனைந்துகொண்டிருந்தது. மேசை மேல் மண் உட்கார்ந்திருந்தது. அத்தா டிவியையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டிவிக்கு உசுரு இல்லீங்க" என்றாள் அம்மா, அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

மழை விட்டு, சாலை காய்ந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா இந்த முறை வாசலுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கதவு அப்போதும் தைத்தபடியே இருந்ததால் மாப்பிள்ளைக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆகவே என்னைப் பார்த்தார். பெரியவர்கள் எங்களைப் பின்கட்டில் கொஞ்ச நேரம் பேச விட்டார்கள். நான்தான் ஆரம்பித்தேன்.

"மண்ணு வளக்கற வீடுன்னு சொல்றாங்க. உங்களுக்குப் பரவால்லையா?"

"நாள் பூரா மோட்டார் சத்தத்துல இருக்கறேன்" என்றார். "சத்தம் போடாத ஒண்ணு வீட்ல இருந்தா நல்லதுதானே."

"அது சிலந்திங்க. நான் பேசுவேன்."

அவர் யோசித்தார். "சரி" என்றார். அதுதான் எங்கள் நிச்சயம். மற்றதெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்டது.

கல்யாணத்துக்கு நாள் குறித்து, வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்த சமயம். காலையில் முன்னறையைப் பெருக்கப் போன அம்மா, பெருக்காமல் திரும்பி வந்தாள்.

"டேய், எழுந்து வா. ஊடு ரொம்பிடுச்சு."

கதவு திறந்து கிடந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க, எள்ளைத் தூவின மாதிரி, குஞ்சுகள். தொட்டியின் மேல் கட்டியிருந்த வலைத்துணியின் கண் அவற்றுக்கு ராஜவாசல். திரைச்சீலையில் சில, சுவரில் சில, மழையிலிருந்து பிழைத்து வந்த டிவியின் மேல் சில. வரும்போதே வயிற்றில் பிள்ளையோடு வந்தாளா, இத்தனை மாதம் கழித்தா என்று அண்ணன் தனக்குத்தானே பேசிக்கொண்டான். அம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. "அதான் கதவச் சாத்திக்கிட்டிருந்திருக்கா" என்று சொல்லிவிட்டு, விளக்கமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

அண்ணன் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஓடிப்போய், பிலிம் ரோல் வருகிற சின்ன டப்பாக்களை ஒரு பை நிறைய வாங்கி வந்தான். சேர்ந்து விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடுமாம். ஒரு டப்பாவுக்கு ஒன்று. நான் பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளிவிட, அவன் டப்பாவில் ஏந்தி மூடியில் ஊசியால் ஓட்டை போட்டான். மாப்பிள்ளை செய்தி கேட்டு போன் செய்து, முதலில் அவை நலமா என்று விசாரித்தார், பிறகு என்னை. அண்ணனுக்கு அத்தனையையும் வளர்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஈசிஆர் ரோட்டில் ஒரு சின்ன இடம் பிடித்து மீனும் லவ் பேர்ட்ஸும் விற்கிற கடை போடப் போகிறேன், அங்கே இவற்றுக்கும் ஓர் அலமாரி என்றான். கடையை அடுத்த வருடமே போட்டான், இன்றைக்கும் நடத்துகிறான். அலமாரிக்கு மட்டும் அம்மா ஒப்பவில்லை.

"கல்யாண வீட்டுக்கு ஆளுங்க வந்து எறங்கப் போறாங்க. தெரியாம யாராவது ஒண்ண மிதிச்சிட்டா என்னால பாத்துட்டு இருக்க முடியாது. எங்கேருந்து எடுத்தியோ அங்கயே கொண்டு போய் விடு."

"குட்டிங்கள விடறேன். பெருச மட்டும் வெச்சிக்கறேம்மா."

"அவ ஊடு எதோ அங்கயே போய் விடு" என்றாள் அம்மா. "நானும் வர்றேன்."

அக்காவின் வீட்டுக்காரர் உப்பு ஏற்றுகிற ஒரு லோடு ஆட்டோவை அனுப்பி வைத்தார். பின்னால் நாங்கள் மூன்று பேரும், டப்பாக்கள் நிறைந்த அரிசிப் பையும், நடுவில் தொட்டியும். இரும்பைப் பக்கம் அதே மேட்டுக்குப் போய் இறங்கினோம். மழையில் பாதி சரிந்து புதிதாகச் செக்கச் சிவப்பாக இருந்தது. அண்ணன் கடப்பாறையால் சாய்வாக ஒரு துளை போட்டான். பிறகு தொட்டியில் இருந்த மண் கட்டியை உடைத்தான்.

அவள் வெளியே வந்தாள்.

அம்மா அன்றைக்குத்தான் அவளை முழுசாகப் பார்த்தாள். என் உள்ளங்கை அளவு, நல்ல கறுப்பு, கால்களில் மெல்லிய ரோமம். வெளிச்சத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அசையாது நின்றாள். அம்மா ஓடவில்லை, கத்தவுமில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், வெளியூரிலிருந்து பெரியவர் யாராவது வந்தால் செய்கிற மாதிரி. பிறகு என் காதருகே, "நான் இன்னும் பெருசா இருப்பான்னு நெனச்சேன்" என்றாள்.

அண்ணன் பிரஷ்ஷால் பின்னாலிருந்து லேசாகத் தொட்டதும் அவள் துளைக்குள் நடந்து போனாள். குஞ்சுகளை மேடு நெடுக, கொஞ்சம் கொஞ்சம் தள்ளி, டப்பா டப்பாவாகத் தட்டி விட்டோம். எல்லாம் முடிந்தும் அம்மா நகரவில்லை.

"கதவு?"

"போட்டுக்குவாம்மா. ரெண்டு மூணு நாளாவும்."

"அது வரைக்கும்?"

அம்மா சுற்றிலும் தேடி, ஒரு காய்ந்த முந்திரி இலையை எடுத்து வந்து, துளையின் வாயில் பாதி மறைக்கிற மாதிரி சாய்த்து வைத்தாள். காற்றில் பறந்துவிடும் என்றான் அண்ணன். ஒரு சின்னக் கல்லை அதன் காம்பு மேல் வைத்தாள். பிறகுதான் கிளம்பினாள்.

திரும்பும் வழியில் ரோட்டோரக் கடையில் டீ குடிக்க நிறுத்தினோம். மூவர் கையிலும் செம்மண். டீக்கடைக்காரர் காலித் தொட்டியையும் கடப்பாறையையும் பார்த்துவிட்டு, "எங்கேருந்து வர்றீங்க, என்ன விசேஷம்?" என்று கேட்டார். அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மரக்காணம்" என்றாள் அம்மா. "நம்ம வூட்ல தங்கியிருந்தவங்கள கொண்டாந்து விட்டுட்டுப் போறோம்."

"இங்க எந்த வூடு?"

அம்மா மேடு இருந்த பக்கம் கையைக் காட்டிவிட்டு, போண்டாவுக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டாள்.